போய்ச் சேர்ந்ததா?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடு முழுவதும் யுபிஐ பணப் பரிமாற்றம் மணிக்கணக்கில் தடுமாறியது. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் இருக்கிறது. மித்தி ஆற்றின் ஒரு கரையில் தாராவி, மறு கரையில் அந்த வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். என்ன நடந்தது என்று ஆராய்ந்தபோது என்பிசிஐ கண்ட காரணம் மிக எளிமையானது. “அந்தப் பரிமாற்றம் என்ன ஆயிற்று?” என்று விசாரிக்கும் கோரிக்கைகளைச் சில வங்கிகளின் கணினிகள், பழைய பரிமாற்றங்களுக்கும் சேர்த்து, அளவில்லாமல் அனுப்பித் தள்ளியிருந்தன. விசாரிப்பு பெருகியதால் உண்மையான பணப் பரிமாற்றம் நெரிசலில் சிக்கியது.

அதன்பின் விதிகள் இறுகின. ஒரு பரிமாற்றத்தின் நிலையை முதன்முறை கேட்பதற்கு முன் 90 விநாடி பொறுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கக்கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், ஒரு செயலியில் ஒருவர் நாளொன்றுக்கு 50 முறைதான் இருப்புத் தொகை பார்க்கலாம் என்ற வரம்பும் வந்தது.

ஒரு காரியம் நடந்ததா என்று தெரிந்துகொள்ளக் கணினிக்கு இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, போய்க் கேட்பது. ரயிலில் ஏறிய பிள்ளை “ஊர் வந்தாச்சா, ஊர் வந்தாச்சா” என்று நச்சரிப்பதைப் போல, குறிப்பிட்ட இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருப்பது. இதற்குக் கணினித் துறையில் போலிங் என்று பெயர். ஐந்து விநாடிக்கு ஒருமுறை கேட்கும் நிரல் ஒரு நாளில் 17,280 முறை கேட்கும். அன்று கடையில் நூறு விற்பனை நடந்திருந்தால், ஏறக்குறைய 17,180 கேள்விகளுக்கு “புதிதாக ஒன்றுமில்லை” என்பதே பதில். அத்தனை பதிலுக்கும் மின்சாரம் செலவு, சர்வர் செலவு.

இன்னொரு வழி, நடந்தவுடன் சொல்லச் சொல்வது. “ஏதேனும் நடந்தால் இந்த முகவரிக்குச் சொல்” என்று ஓர் இணைய முகவரியைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். நிகழ்ச்சி நடந்த கணத்தில், அது நடந்த கணினியே நம் முகவரியைத் தட்டி விவரத்தைத் தந்துவிட்டுப் போகும். இதைத்தான் வெப்ஹூக் என்கிறார்கள். ஜெஃப் லிண்ட்சே என்ற அமெரிக்க நிரலாளர் 2007-இல் இந்தப் பெயரை வைத்தார். புதிய தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. இணையப் பக்கத்தில் நாம் படிவத்தை நிரப்பி அனுப்பும்போது உலாவி செய்கிற அதே எச்டிடிபி ‘போஸ்ட்’ அழைப்புதான். அனுப்புவது மனிதர் இல்லை, இன்னொரு கணினி என்பதே வேறுபாடு.

இன்று அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், சென்னையில் வேரூன்றிய ஸோஹோவின் கிளிக் ஆகிய எல்லாமே இந்த வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. குழுவின் சேனலுக்கு ஒரு வெப்ஹூக் முகவரியை உருவாக்கிக்கொள்ளலாம். அந்த முகவரிக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால், சேனலில் இருக்கும் எல்லோருடைய திரையிலும் அது வந்து விழும்.

தாராவியில் தோல்பை தைத்து இணையத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களின் உழைப்பால் உருவான பகுதி அது. பதனிடுதல் பெரும்பாலும் வெளியேறிவிட்டது, தோல் பொருள் தொழில் இன்னும் நடக்கிறது. இணையக் கடையில் ஆர்டர் விழுந்ததும் குழுவின் சேனலுக்குச் செய்தி வருகிறது. தைப்பவர் பார்க்கிறார், பெட்டி கட்டுபவர் பார்க்கிறார், செம்பூரில் வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர் பார்க்கிறார். ஒருநாள் காலையிலிருந்து மாலை வரை ஒரு செய்தியும் வரவில்லை. ஆர்டரே வரவில்லையா? அல்லது ஆர்டர் வந்து, செய்தி வரவில்லையா?

திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெப்ஹூக்கின் அடிப்படைச் சிக்கல் இதுதான். போய்க் கேட்கும் முறையில் இணைப்பு அறுந்தால், கேட்டவருக்கு உடனே தெரிந்துவிடும்; கேள்விக்குப் பதில் வராது. சொல்லச் சொல்லும் முறையில் இணைப்பு அறுந்தால், காத்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. வெப்ஹூக் இணைப்பைச் சோதிப்பது என்பது, அந்த மௌனத்துக்குப் பொருள் உண்டாக்கும் வேலை.

பெரும்பாலோர் சோதிக்கும் விதம் இப்படி: அமைப்புப் பக்கத்தில் ‘டெஸ்ட்’ என்ற பொத்தான் இருக்கும், அதை அழுத்துவார்கள், பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று வரும், மூடிவிடுவார்கள். அந்தப் பச்சை எதைச் சொல்கிறது என்று சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

எச்டிடிபி அழைப்புக்கு எதிர்முனை ஒரு மூன்றிலக்க எண்ணால் பதில் சொல்லும். 200 என்றால் ஏற்றுக்கொண்டேன். 400 என்றால் நீ எழுதியனுப்பிய விதம் தவறு. 403 என்றால் உனக்கு அனுமதியில்லை. 404, இப்படி ஒரு முகவரியே இல்லை. 410, முன்பு இருந்தது, இப்போது இல்லை. 429, மிக வேகமாக அனுப்புகிறாய், பொறு. ஸ்லாக்கில் ஒரு வெப்ஹூக் வழியாக விநாடிக்கு ஒரு செய்தி என்பதே ஏறத்தாழ வரம்பு. 500 என்றால் கோளாறு என் பக்கம். ஸ்லாக் இன்னும் ஒரு படி மேலே போய், பிழையின் காரணத்தையும் ஒரு சொல்லில் எழுதித் தரும்: சேனலை ஆர்க்கைவ் செய்துவிட்டார்கள், செய்தியில் உரையே இல்லை என்றெல்லாம். ஆனால் அனுப்பும் நிரல் அந்தப் பதிலைப் படிக்க வேண்டுமே! கடிதத்தைப் பெட்டியில் போட்டதோடு கடமை முடிந்தது என்று எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். பிழையெண் வரும், யாரும் பார்க்காத பதிவுக் கோப்பில் கிடக்கும், சேனல் அமைதியாக இருக்கும்.

200 வந்தாலும் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த முகவரியில் இருக்கும் கணினி செய்தியைக் கையில் வாங்கிக்கொண்டது. சரியான சேனலில் விழுந்ததா, படிக்கும்படி விழுந்ததா, பார்க்க வேண்டியவர் அந்தச் சேனலின் ஒலியை அணைத்து வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது. தவிர, ‘டெஸ்ட்’ பொத்தான் அனுப்புவது பெரும்பாலும் முன்பே எழுதி வைத்த ஒரு மாதிரிச் செய்தி. உண்மையான ஆர்டர் விழும்போது நிரலின் வேறு பகுதி ஓடும், வேறு விவரங்கள் சேரும், சில புலங்கள் காலியாக இருக்கும். நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு வெப்ஹூக்கைப் புதிதாக அமைத்தவுடன் அது ‘பிங்’ என்று ஒரு செய்தி அனுப்பும். அது வந்ததால் பாதை திறந்திருக்கிறது என்று தெரியும். அந்தப் பாதையில் உண்மையான சரக்கு வருமா என்று அறிய, உண்மையான ஒரு மாற்றத்தைச் செய்துதான் பார்க்க வேண்டும். தோல்பைக் கடைக்காரர் ஒரு பையைத் தானே ஆர்டர் செய்து பார்ப்பதுதான் நேர்மையான சோதனை.

தமிழில் அந்தச் சோதனையைச் செய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. ‘தாராவி’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறிகள்: த, துணைக்கால், ர, துணைக்கால், வ, இகரக் குறி. இணையத்தில் பரவலாகப் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை. ஆக மொத்தம் 18 பைட். ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்த ஒரு நிரல், எழுத்தின் எண்ணிக்கையும் பைட்டின் எண்ணிக்கையும் ஒன்றென்று நம்பியிருக்கும். ஆங்கிலத்தில் அது உண்மையும்கூட. அதே நிரல் ‘தாராவி’யை அனுப்பும்போது, “வரும் செய்தியின் நீளம் 6” என்று தலைப்பில் எழுதிவிடும். எதிர்முனை ஆறு பைட்டை மட்டும் வாங்கி, ‘தா’ வரை படித்து நிறுத்திக்கொள்ளும். செய்தியின் வால் அறுந்துவிட்டதால் கட்டமைப்பு குலைந்து 400 என்று திருப்பிவிடும். நீள வரம்புக்காகச் செய்தியை வெட்டும் இடத்திலும் இதே ஆபத்து. ஒரு குறியின் நடுவில் வெட்டினால் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம்தான் மிஞ்சும். தேவநாகரிக்கும் இதே மூன்று பைட் கணக்கு. மராத்தியும் தமிழும் இந்தியும் கலந்து வாழும் ஊரில், வாடிக்கையாளர் தம் பெயரை எந்த எழுத்தில் தட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? வெறும் ‘ஹலோ’ அனுப்பிச் சோதித்ததை நான் சோதனையாகவே ஒப்புக்கொள்ளமாட்டேன்.

சரி, உண்மையான செய்தியையே அனுப்பிவிட்டோம், பதில் வரவில்லை. இப்போது என்ன செய்வது?

கணினி அறிவியல் இந்தக் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டது. அந்த விடை ஆறுதல் தருவதல்ல. 1975-இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுரையில் வந்த புதிரை, 1978-இல் ஜிம் கிரே ‘இரு தளபதிகள்’ என்ற வடிவில் பிரபலமாக்கினார். இரண்டு மலைகளில் இரு படைகள். நடுப்பள்ளத்தாக்கில் எதிரி. இரண்டு படையும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. “விடியலில் தாக்குவோம்” என்று முதல் தளபதி தூதனை அனுப்புகிறார். தூதன் வழியில் பிடிபடலாம். ஆகவே “கிடைத்தது” என்ற பதில் வேண்டும். பதில் கொண்டுவரும் தூதனும் பிடிபடலாம். ஆகவே பதில் கிடைத்ததற்குப் பதில் வேண்டும். இது முடியவே முடியாது. செய்தி தொலைய வாய்ப்புள்ள பாதையில், எத்தனை தூதர்களை அனுப்பினாலும் இருவருக்கும் ஒரே உறுதி ஏற்படாது என்பதைக் கணித முறையில் நிறுவ முடியும்.

வெப்ஹூக்குக்கு இதன் பொருள் மிகத் தெளிவானது. பதில் வரவில்லை என்றால், போன செய்தி தொலைந்திருக்கலாம். அல்லது செய்தி சேர்ந்து, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். அனுப்பியவருக்கு வேறுபாடு தெரியாது. மீண்டும் அனுப்பாவிட்டால் ஆர்டர் தொலையும்; மீண்டும் அனுப்பினால் ஒரே ஆர்டர் இரண்டு முறை வந்து, இரண்டு பை தைக்கப்படலாம். பணம் சார்ந்த துறையில் பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள், அதுவே சரி. இணையக் கடைகளுக்குப் பணம் வாங்கித் தரும் ரேசர்பே நிறுவனம் தன் வெப்ஹூக் செய்திக்கு ஐந்து விநாடிக்குள் பதில் வராவிட்டால், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 24 மணி நேரம் வரை மீண்டும் மீண்டும் அனுப்பும். அதற்குப் பின்னும் தோல்வியென்றால் அந்த வெப்ஹூக்கையே முடக்கிவிடும். இடைவெளியைக் கூட்டுவதற்கும் காரணம் இருக்கிறது: விழுந்து கிடக்கும் சர்வர் எழுந்திருக்கும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாகத் தட்டினால் அது மறுபடி விழும். ஏப்ரல் 12 நினைவிருக்கட்டும்.

மீண்டும் வரும் செய்தியைப் பெறுபவர் அடையாளம் காண, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் அடையாள எண் சேர்ந்து வரும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, முன்பே பார்த்த எண் வந்தால் ஒதுக்கிவிட வேண்டும். எனவே ஒரே செய்தியை வேண்டுமென்றே இரண்டு முறை அனுப்பி, சேனலில் ஒருமுறை மட்டும் வருகிறதா என்று பார்ப்பதும் சோதனையின் பகுதி. கிட்ஹப் இந்த விஷயத்தில் வேறு வழியில் போகிறது. தவறிய செய்தியை அது தானாக மறுபடி அனுப்புவதில்லை. நாமே ‘மீண்டும் அனுப்பு’ என்று சொல்ல வேண்டும். சேவைக்குச் சேவை விதி மாறுகிறது, ஆகவே ஒன்றில் கற்ற பழக்கத்தை இன்னொன்றில் நம்பக்கூடாது.

ரேசர்பே பதிலுக்கு ஐந்து விநாடி பொறுக்கும் என்றேன். கிட்ஹப் பத்து விநாடி பொறுக்கும், ஸ்லாக் தன் நிகழ்வுகளை நம் கணினிக்கு அனுப்பும்போது மூன்றே விநாடிதான். அதற்குள் தரவுத்தளத்தில் எழுதி, கணக்குப் பார்த்து, மின்னஞ்சல் அனுப்பி முடித்துவிட்டுப் பதில் சொல்ல நினைத்தால் நேரம் கடந்துவிடும். வாங்கிக்கொண்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு, வேலையைப் பிறகு செய்வதே முறை. யுபிஐயின் கட்டமைப்பே அப்படித்தான் வரையப்பட்டிருக்கிறது. ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் தொடங்கி வைத்த அந்த அமைப்பில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் உடனே ஓர் ஒப்புகை போகும். பணம் நகர்ந்த பிறகு விளைவு தனி அழைப்பாகத் திரும்பி வரும். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியபோதும் இந்த இரட்டை அழைப்பு முறைதான் அதைச் சுமந்தது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சேனலுக்கான வெப்ஹூக் முகவரி வெறும் முகவரி இல்லை, அதுவே சாவி. அதைத் தெரிந்த யாரும் உங்கள் குழுவுக்குள் செய்தி போடலாம். “முதலாளி சொல்கிறார், இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்” என்றும் போடலாம். பொதுவெளியில் கசிந்துவிட்ட தன் வெப்ஹூக் முகவரிகளை ஸ்லாக் தேடிப் பிடித்து முடக்குவது இதனால்தான். சோதிக்கும் ஆர்வத்தில் முகவரியோடு திரையைப் படமெடுத்துப் பகிர்வதும், உண்மையான வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண்ணோடு கூடிய செய்தியை ஏதோ ஒரு இலவசச் சோதனைத் தளத்துக்கு அனுப்பிப் பார்ப்பதும் ஆபத்து. அத்தகைய தளங்கள் பயனுள்ளவைதாம். வெப்ஹூக்குக்குப் பெயர் வைத்த லிண்ட்சேயே, வரும் செய்தியை அப்படியே காட்டும் போஸ்ட்பின் என்ற கருவியையும் எழுதினார். ஆனால் அங்கே கற்பனைப் பெயர்களைத்தான் அனுப்ப வேண்டும்.

நம்மிடம் வரும் செய்தி உண்மையில் அனுப்பியவரிடமிருந்துதான் வந்ததா என்பதற்கு எச்மேக் என்ற கணித முத்திரை உதவுகிறது. 1997-இல் பொது ஆவணமாக வெளியான முறை அது. இரு தரப்பிடமும் ஒரு ரகசியச் சொல் இருக்கும். செய்தியையும் அந்தச் சொல்லையும் சேர்த்து அரைத்து ஒரு நீண்ட எண்ணை உண்டாக்கி, அனுப்புபவர் செய்தியோடு வைப்பார். பெறுபவர் தானும் அரைத்துப் பார்ப்பார். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். இதைச் சோதிக்கும்போது பலர் சரியான முத்திரை ஏற்கப்படுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். தவறான முத்திரை மறுக்கப்படுகிறதா என்று பார்ப்பதே முக்கியமான சோதனை. எந்த முத்திரை வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிரலும் முதல் சோதனையில் தேறிவிடும்!

சோதனைச் செய்தியில் ‘இது சோதனை’ என்று எழுத வேண்டும் என்பது சொல்லத் தேவையில்லாத விஷயம்போலத் தோன்றும். ஆனால் 2018 ஜனவரி 13 காலை 8.07 மணிக்கு, ஹவாய்த் தீவு மக்களின் கைபேசிகளில் ஏவுகணை வருகிறது, பதுங்குங்கள் என்ற எச்சரிக்கை ஒலித்தது. பணி மாறும் நேரத்துப் பயிற்சி ஒன்றின்போது, ஊழியர் ஒருவர் உண்மையான எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். பயிற்சிக்காக ஒலித்த பேச்சில், இது பயிற்சி என்ற சொற்களும் இது பயிற்சியல்ல என்ற சொற்களும் இரண்டுமே இருந்தன என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. தவறு என்ற திருத்தச் செய்தி அதே கைபேசிகளுக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆயிற்று. எச்சரிக்கையைத் திரும்பப் பெறும் பாதையை யாரும் சோதித்து வைக்கவில்லை என்பதே அந்த 38 நிமிடத்துக்குள் அடங்கியிருக்கும் பாடம்.

நம் நாட்டில் 2023-இல் பேரிடர் எச்சரிக்கையை ஒரு பகுதியின் எல்லாக் கைபேசிகளுக்கும் அனுப்பும் செல் பிராட்காஸ்ட் முறையைச் சோதித்தபோது இந்தக் கவனம் இருந்தது. பல மாதங்களில் பல மாநிலங்களில் கைபேசிகள் திடீரென்று வீறிட்டன. திரையில் தொலைத்தொடர்புத் துறையின் செய்தி: இது மாதிரிச் சோதனை, பொருட்படுத்த வேண்டாம், நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. சிலர் எரிச்சல்பட்டார்கள். என்னைக் கேட்டால், அந்தத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் அந்த ஆண்டில் செய்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று. பாதையைக் கடைசி மனிதரின் காது வரை சோதித்தார்கள்.

கடைசி மனிதர் வரை செய்தி போய்ச் சேராததற்கு மும்பை பெரும் விலை கொடுத்திருக்கிறது. 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நேரத்தில் தெற்கே கொலாபாவில் பதிவானது 75 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே நகரத்துக்குள், ஒரு லோக்கல் ரயில் பயணத் தூரத்தில், இவ்வளவு வேறுபாடு. தெற்கு மும்பை அலுவலகத்தில் இருந்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே சாதாரண மழை. மித்தி கரை தாண்டி ஓடுவதும், குர்லாவும் தாராவியும் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளும் மூழ்குவதும் அவருக்கு எட்டவில்லை. வழக்கம்போல வீட்டுக்குக் கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டவர்கள் பல்லாயிரம் பேர். நகரத்தின் ஒரு மூலையில் இருந்த அளவை இன்னொரு மூலைக்கு உடனே சொல்லும் பாதை அன்று இல்லை.

மறு ஆண்டிலிருந்து மாநகராட்சி தானியங்கி மழைமானிகளை நகரமெங்கும் நிறுவத் தொடங்கியது. அவை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கின்றன. 2020 ஜூனில் ஐஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பும் சேர்ந்தது. கருவிகள் வந்துவிட்டன, நல்லது. ஆனால் ஒரு மழைமானி மௌனமானால் அங்கே மழை பெய்யவில்லை என்று எடுத்துக்கொள்வதா, அதன் பேட்டரி தண்ணீரில் மூழ்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வதா? மிகக் கடுமையாகப் பெய்யும் இடத்தில்தான் கருவி முதலில் சாகக்கூடும். தோல்பைக் கடையின் சேனலில் கேட்ட அதே கேள்வி, இங்கே உயிர்க் கேள்வியாகிறது.

இதற்குத் தீர்வு மும்பைவாசிகள் அன்றாடம் ஏறும் லோக்கல் ரயிலிலேயே இருக்கிறது. வண்டியை ஓட்டும் மோட்டார்மேன் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். அவர் மயங்கி விழுந்து கை தளர்ந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும். இதை ‘டெட் மேன்ஸ் ஹேண்டில்’ என்பார்கள். ஆபத்து வந்தால் சொல் என்று அந்தக் கருவி கேட்பதில்லை. நலமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இரு, சொல்வது நின்றால் ஆபத்து என்று எடுத்துக்கொள்வேன் என்கிறது.

வெப்ஹூக்குக்கும் இதையே செய்ய வேண்டும். தினமும் காலை ஒன்பது மணிக்கு, ஆர்டர் பிறக்கும் இடத்திலிருந்தே ஒரு சோதனை ஆர்டர் கிளம்பி, முழுப் பாதையையும் கடந்து சேனலில் விழட்டும். அது விழுந்ததா என்று மனிதர் பார்க்க வேண்டும் என்று வைத்தால் நான்கு நாளில் மறந்துபோகும். வராத செய்தியைக் கவனிக்க மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தனியாக ஒரு சிறு நிரல் சேனலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பதே காலுக்குள் அந்தச் செய்தி வரவில்லையென்றால், அது வேறு பாதையில், எஸ்எம்எஸ் அல்லது தொலைபேசி அழைப்பாக, பொறுப்பானவரை எழுப்ப வேண்டும். வெப்ஹூக் செத்துவிட்டது என்ற சேதியை அதே வெப்ஹூக் வழியாக அனுப்ப முடியாது. யுபிஐ விதிமுறையிலும் ‘ஹார்ட்பீட்’ என்ற செய்தி இருக்கிறது. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அறிவதற்கே அது.

தினமும் சோதிப்பது மிகை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். டீம்ஸில் பல ஆண்டுகளாக உலகெங்கும் பயன்பட்டு வந்த பழைய கனெக்டர் என்ற வெப்ஹூக் முறையை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024-இல் அறிவித்தது. அமைத்த நாளில் குறையின்றி வேலை செய்த இணைப்பு, அமைத்தவர் எந்தத் தவறும் செய்யாமலேயே ஒருநாள் நின்றுபோகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். சான்றிதழ் காலாவதியாகிறது, சேனலை ஆர்க்கைவ் செய்துவிடுகிறார்கள், முகவரியை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போகிறார். இவற்றில் எதுவும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வருவதில்லை.

தென்மேற்குப் பருவமழை மும்பையைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 11 என்று வானிலைத் துறை கணித்து வைத்திருக்கிறது. குடியிருப்புச் சங்கமோ, பள்ளியோ, சிறு கடையோ, மருந்தகமோ, நீங்கள் எந்தக் குழுவின் அறிவிப்புச் சேனலுக்குப் பொறுப்பாக இருந்தாலும், அந்த நாளுக்கு முன் ஒரு முறை, பாதையின் தொடக்கத்திலிருந்து ஓர் உண்மையான செய்தியை, ‘சோதனை’ என்ற சொல்லோடு, தமிழில் அனுப்புங்கள். செம்பூரில் இருப்பவரையும் தாராவியில் இருப்பவரையும் தொலைபேசியில் அழைத்து, வந்ததா என்று கேளுங்கள். பிறகு இணைப்பை நீங்களே துண்டித்துவிட்டு, அது துண்டிக்கப்பட்டிருப்பதை உங்களுக்கு யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். யாரும் சொல்லவில்லையென்றால், சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.